புதுப்பிப்பு: அடித்தட்டு ஏறினால் மோதலா?

முதல் உலகப் போர் விமானங்களை வைத்து ஆடும் மேசை விளையாட்டில், மாதிரி விமானங்களைத் தாங்கும் அடித்தட்டுகள் இரண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் மோதல்தானா என்று முன்பு கேட்டிருந்தேன். ஆடிப் பார்த்து, எங்களுக்குள் விதியை முடிவு செய்துவிட்டோம்.

உயரப் படி வேறென்றால் மோதல் இல்லை. ஒரே படியென்றால் இருவருக்கும் ஒரு சேதச் சீட்டு. நான் பாய்ந்து இறங்கியபோது எதிராளியின் தட்டு என் தட்டுக்கு அடியில் நுழைந்தது. எல்லோரும் குனிந்து, விமானத்தின் உயரப் படியைக் காட்டும் கம்பித் துண்டுகளை எண்ணினோம். மூன்றுக்கு இரண்டு, தப்பித்தேன்!

சுடுவதில்தான் நிறைய வாக்குவாதம். ஒரு படி வித்தியாசத்தில், சுடும் தூரத்தை அளக்கும் அளவுகோலில் பாதி தூரம் வரை மட்டும் சுடலாம், இரண்டு படியென்றால் கிடையாது. ஒற்றை இருக்கைச் சண்டை விமானங்களில் துப்பாக்கி பெரும்பாலும் முன்னோக்கியே பொருத்தப்பட்டிருந்தது, விமானத்தையே திருப்பித்தான் குறிபார்க்க வேண்டும். அதனால் இது நியாயமாகவே படுகிறது. அப்புறம், பின்னிருக்கைத் துப்பாக்கிக்காரருக்கு இதையே வைப்பதா என்பது இன்னும் பாக்கி.