புதுப்பிப்பு: ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கடன் வாங்கிக் கழித்தல்

ஜூலையில் கேட்டிருந்தேன்: ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில் மாலையில் கணக்கு சொல்லித்தர ஆசை, யாரிடம் அனுமதி கேட்பது, கழித்தலே வராத ஏழு பேருக்கு எங்கே தொடங்குவது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் அனுமதி. பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசச் சொன்னவர் யோசனைதான் பலித்தது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். தலைமையாசிரியரிடம் தனியாகக் கேட்டபோது தயங்கினார், குழுவில் அம்மாக்களே கேட்டதும் சரி என்றுவிட்டார். ஆசிரியர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை, அது நியாயம்.

அப்புறம் கணக்கு. வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்துப் பார்த்தேன், பயனில்லை. ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டச் சொன்ன அக்காவுக்குத் தனி நன்றி. 302-இல் 147 போனால் 245 என்றே எழுதிக்கொண்டிருந்த பிள்ளை, நூறு கட்டைப் பிரித்துப் பத்து கட்டுகளாக்கி, அதில் ஒன்றையும் அவிழ்த்து, "அப்போ இங்கே ஒன்பதுதான் மிச்சம்" என்று தானே சொன்னாள். 155. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எதிர்பாராதது ஒன்று: மாலை ஐந்து மணிப் பேருந்தை விட்டால் மூன்று பேருக்கு வீடு திரும்ப வழியில்லை, அதனால்தான் வராமல் இருந்திருக்கிறார்கள். இப்போது காலையில் வழிபாட்டுக்கு முன் நாற்பது நிமிடம், ஏழு பேரும் வருகிறார்கள். தொடங்குகிறவர்கள் பேருந்து நேரத்தை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.