வீட்டு மதிப்பு குறைந்துவிட்டது என்று ஹீலாக் வரம்பை வங்கி முடக்கியிருக்கிறது: இது செல்லுமா?

எடிசன்வாசி:
வணக்கம். நியூ ஜெர்சி மாநிலம் எடிசனில் சொந்த வீட்டில் குடியிருக்கிறோம். 2022-இல் இந்த வீட்டின் மீது ஹீலாக், அதாவது வீட்டை ஈடாக வைத்து வேண்டும்போது வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும் கடன் வரம்பு, வாங்கினேன். அப்போது வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் நேரில் வந்து பார்த்து, வீட்டுக்கு 5 லட்சம் டாலர் மதிப்பிட்டார். முதல் அடமானக் கடனில் 3 லட்சம் பாக்கி இருந்தது. ஹீலாக் வரம்பு 1 லட்சம். சமையலறையைப் புதுப்பிக்க இதுவரை 40 ஆயிரம் எடுத்திருக்கிறேன். ஒரு தவணைகூடத் தவறியதில்லை. சென்ற திங்கட்கிழமை ஒப்பந்தக்காரருக்குத் தர வேண்டிய 25 ஆயிரத்தை எடுக்க முயன்றபோது, கணக்கு முடக்கப்பட்டிருப்பது தெரிந்தது. வீட்டின் மதிப்பு 4 லட்சத்து 62 ஆயிரமாகக் குறைந்துவிட்டதால் இனிப் பணம் எடுக்க இயலாது என்று புதன்கிழமை கடிதம் வந்தது. இம்முறை வீட்டைப் பார்க்க யாரும் வரவில்லை. கணினி போட்ட மதிப்பு என்று தொலைபேசியில் சொன்னார்கள்.

இரண்டு ஐயங்கள். இப்படி முடக்க வங்கிக்கு உரிமை உண்டா? மேலும், 2019-இல் முதல் கடன் வாங்கியபோது கடனின் செலவுகளைக் காட்டும் லோன் எஸ்டிமேட் (உத்தேசக் கணக்கு), குளோசிங் டிஸ்க்ளோஷர் (இறுதிக் கணக்கு) என்ற படிவங்களைத் தந்தார்கள். ஹீலாக்குக்கு அவை எதுவும் தரப்படவில்லை. இதை வங்கியின் குறையாகக் காட்டி வாதாட முடியுமா?

கணக்குப்பிள்ளை:
இரண்டாவது ஐயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனெனில் அதில் உங்களுக்குப் பயன் ஒன்றுமில்லை. நீங்கள் சொல்லும் இரு படிவங்களும் 2015 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தவை; ஒரே முறையில் முழுத்தொகையையும் கொடுத்துத் தவணைகளில் அடைக்கும் கடனுக்கே அவை பொருந்தும். ஹீலாக் என்பது எடுத்து, கட்டி, மீண்டும் எடுக்கக்கூடிய சுழல் கடன் என்பதால் நுகர்வோர் கடன்களுக்கான கூட்டாட்சி விதித்தொகுப்பான ரெகுலேஷன் இசட்டின் 1026.40 என்ற பிரிவு அதற்குத் தனியாக இருக்கிறது. அதன்படி விண்ணப்பத்தோடு தரவேண்டிய விவரத்தாளும் ஹீலாக் பற்றிய சிறு கையேடும் உங்களுக்கு வந்திருக்கும். 2014-இல் வந்த, கடனைத் திருப்பிச் செலுத்தும் திறனை வங்கி சரிபார்த்தாக வேண்டும் என்ற விதியும் இதேபோல் ஹீலாக்கை விட்டுவிடுகிறது.

ஆனால் உங்கள் முதல் ஐயத்தில் அதே 1026.40 உங்கள் பக்கம் நிற்கிறது. மனம்போனபடி வரம்பை முடக்க வங்கிக்கு உரிமை கிடையாது. அனுமதிக்கப்பட்ட காரணங்கள் சிலவே, அவற்றுள் ஒன்று, வீட்டின் மதிப்பு தொடக்க மதிப்பீட்டைவிடக் கணிசமாகக் குறைவது. எவ்வளவு குறைந்தால் கணிசம் என்பதற்கு அதிகாரபூர்வ விளக்கவுரையில் ஒரு கணக்கு இருக்கிறது. 5 லட்சத்தில் முதல் கடன் 3 லட்சம் போக, வீட்டில் உங்கள் பங்கு 2 லட்சம். அதில் ஹீலாக் வரம்பான 1 லட்சத்தைக் கழித்தால் மிஞ்சும் 1 லட்சமே வங்கிக்குப் பாதுகாப்பு இடைவெளி. அந்த இடைவெளியில் பாதி, அதாவது 50 ஆயிரம், கரைந்துவிட்டால் அது கணிசமான குறைவு. உங்கள் வீடு 4 லட்சத்து 50 ஆயிரத்துக்கு இறங்கினால்தான் அந்தக் கோட்டைத் தொடும். வங்கியே சொல்லும் சரிவு 38 ஆயிரம்தான்.

பழைய அண்டர்ரைட்டர்:
கணக்கு சரி, ஆனால் அதிலிருந்து எடுக்கும் முடிவில் ஓர் எச்சரிக்கை வேண்டும். பாதி கரைந்தால் எந்தச் சூழலிலும் அது கணிசமான குறைவு என்றுதான் விளக்கவுரை சொல்கிறது; அதற்குக் கீழே உள்ளதெல்லாம் கணிசம் அல்ல என்று சொல்லவில்லை. சூழலைப் பொறுத்தது என்று வங்கி வாதிடலாம். முடக்குவதற்கு முன் நேரடி மதிப்பீடு செய்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எனவே "யாரும் வந்து பார்க்கவில்லை" என்ற வாதத்தை விட்டுவிட்டு, "மதிப்பு உண்மையில் குறையவில்லை" என்ற வாதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். குறைவு உண்மையிலேயே நிகழ்ந்திருக்க வேண்டும். கணினி தவறாக நினைத்தது போதாது.

அந்தக் கணினி மதிப்பீடு பெரும்பாலும் பொதுப் பதிவேடுகளிலிருந்து சதுர அடியையும் அறை எண்ணிக்கையையும் எடுத்து, அருகில் விற்ற வீடுகளோடு ஒப்பிடுகிறது. நகராட்சியின் சொத்து வரிப் பதிவில் உங்கள் வீடு எப்படி இருக்கிறது என்று பார்த்தீர்களா?

எடிசன்வாசி:
ஐயா, இப்போதுதான் பார்த்தேன். முந்தைய உரிமையாளர் முறையாக அனுமதி பெற்றுக் கட்டிய பின்புற அறை வரிப் பதிவில் இல்லை. மூன்று படுக்கையறை என்றே இருக்கிறது. 2022-இல் வந்த மதிப்பீட்டாளர் நான்கு என்று எழுதியிருக்கிறார். இன்னொன்றும் கேட்க வேண்டும்: கடன் ஒப்பந்தத்தை மூன்று நாட்களுக்குள் ரத்து செய்யும் உரிமை என்று ஒன்று இருக்கிறதே, அதை இப்போது பயன்படுத்த முடியுமா?

கணக்குப்பிள்ளை:
அந்த உரிமை கணக்கைத் தொடங்கும்போதும் வரம்பை உயர்த்தும்போதும்தான். ஏற்கெனவே உள்ள வரம்புக்குள் ஒவ்வொரு முறை பணம் எடுக்கும்போதும் அது பிறக்காது. அதுவுமின்றி, ரத்து செய்து என்ன பயன்? உங்களுக்கு வேண்டியது பணம்.

பழைய அண்டர்ரைட்டர்:
நான்காவது அறைதான் உங்கள் வழக்கு. கடிதத்தை மீண்டும் படியுங்கள். முடக்கிய மூன்று வேலை நாட்களுக்குள் குறிப்பிட்ட காரணத்தோடு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதை வங்கி செய்துவிட்டது. வரம்பை மீட்க நீங்களே விண்ணப்பிக்க வேண்டும் என்று வங்கி எதிர்பார்த்தால், அதையும் அறிவிப்பில் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் எழுத்தில் கேட்டவுடன், முடக்கிய காரணம் இன்னும் நிலவுகிறதா என்று தாமதமின்றி விசாரிப்பது வங்கியின் கடமை. அந்த விசாரணைக்கு உண்மையில் ஆன நியாயமான மதிப்பீட்டுக் கட்டணத்தை உங்களிடம் வாங்கலாம். வரம்பைத் திறந்துவிடுவதற்கென்று ஒரு காசும் வாங்கக் கூடாது. 2022 மதிப்பீட்டின் நகலையும் கட்டட அனுமதியின் நகலையும் இணைத்து அனுப்புங்கள். பதில் இழுத்தடித்தால் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையமான சி.எஃப்.பி.பி.யின் தளத்தில் புகார் கொடுங்கள். கோபத்தில் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் வங்கிக்கு நீங்களே இன்னொரு காரணத்தை, அதுவும் மறுக்க முடியாத காரணத்தை, எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

எடிசன்வாசி:
மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். நகல்களோடு கடிதம் அனுப்பினேன். வங்கி நேரடி மதிப்பீட்டுக்கு 550 டாலர் கேட்டது, கட்டினேன். மதிப்பீட்டாளர் பின்புற அறையை அளந்து, 5 லட்சத்து 20 ஆயிரம் என்று எழுதியிருக்கிறார். வரம்பு நேற்று மாலை முழுமையாகத் திறந்தது, அதற்குத் தனிக் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. வரிப் பதிவைத் திருத்தினால் சொத்து வரி ஏறுமே என்று மனைவி கேட்கிறார். அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. ஒப்பந்தக்காரருக்கு இன்று காலை பணம் போய்விட்டது. அலமாரிக் கதவுகள் செவ்வாய்க்கிழமை வருகின்றன.