சிவப்பு பிளக் வயர் வாங்கி முழிச்ச கதை, உங்க அனுபவத்தையும் போடுங்க

விடெக்கிழவன்:

நம்ம வண்டி 2001 ஹோண்டா சிட்டி ஒன் பாயிண்ட் ஃபைவ் விடெக் (ஆர்பிஎம் ஏறுனா வால்வ இன்னும் பெருசா திறந்து விடுற ஹோண்டா ஏற்பாடு). கம்பெனி கணக்குல 106 பிஹெச்பி, அதுல இப்ப எத்தனை குதிரை உயிரோட இருக்குன்னு தெரியாது. ஏர் ஃபில்டரும் எக்ஸாஸ்ட்டும் மாத்தியிருக்கேன், வருஷத்துக்கு ரெண்டு தடவை கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்துல இருக்குற கரி ரேஸ் டிராக்ல ஓட்டி ஆசையத் தீத்துக்குவேன், அவ்வளவுதான் நம்ம ரேஸிங்.

போன வருஷம் 5000 ஆர்பிஎம் தாண்டினா மிஸ்ஸிங் அடிக்க, அதாவது சிலிண்டர் சரியா எரியாம விட்டு விட்டு ஓட, ஆரம்பிச்சுது. விடெக் கிளம்புற அந்த நேரத்துல சரியா ஒரு இடி, அப்புறம் மூக்கடைச்ச மாதிரி சத்தம். பிளக் மாத்தியாச்சு, போகல. சரி, ஸ்பார்க் பிளக்குக்கு கரண்ட் கொண்டு போற வயர்தான்னு நானே முடிவு பண்ணி ஒரு ஸ்பேர்ஸ் கடைக்குப் போனா அங்க 10 எம்எம்ல கையளவு தடியா ரத்தச் சிவப்புல ஒரு செட்டு, "ரேஸிங் வயர் சார், போட்டதும் எட்டு குதிரை ஏறும்"ன்னாரு, பாக்கவும் கெத்தா இருந்துச்சா, பேரம் கூட பேசாம வாங்கிட்டு வந்துட்டேன்.

போட்ட அன்னைக்கே எஃப்எம் ரேடியோ கர்ர்ர்னு கத்துச்சு, ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க அந்த சத்தமும் கூடவே ஏறுது. டிராக்ல ரெண்டாவது ரவுண்டுல ஆர்பிஎம் முள்ளு பேய் பிடிச்ச மாதிரி ஆடுது, செக் எஞ்சின் லைட்டும் வந்துருச்சு, மிஸ்ஸிங் மட்டும் அப்படியே இருக்கு.

எங்க ஏரியால ஒரு வயசான மெக்கானிக் இருக்காருங்க, அவர்கிட்ட கொண்டு போனேன். பகல்ல தொடவே மாட்டேன்னுட்டாரு, "ராத்திரி எட்டு மணிக்கு வா கண்ணு". போனா லைட்ட எல்லாம் அணைச்சுட்டு, சலூன்ல தலைக்கு தண்ணி அடிப்பாங்களே அந்த பாட்டில எடுத்து, எஞ்சின் ஓடுறப்பவே வயர் மேல பொசுபொசுன்னு அடிச்சாரு (கைய வச்சுராதீங்க, இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல ஓடுற எடம்). மூணாவது சிலிண்டர் கிட்ட நீலமா குட்டி குட்டி மின்னல் டேப்பட் கவருக்கு (எஞ்சின் தலை மேல இருக்குற மூடி) தாவுது. அந்த வயரப் புடுங்கிப் பாத்தா பூட், அதான் பிளக் மேல மாட்டுற முனை உறை, அதோட ரப்பர் ஊறி உப்பி தொளதொளன்னு இருக்கு, பிளக் குழிக்குள்ள டார்ச் அடிச்சா கால்வாசி ஆயில். டேப்பட் கவருக்கு உள்ள பிளக் குழியச் சுத்தி ஒரு ரப்பர் சீல் இருக்கும், அது காஞ்சு போய் ஆயில் உள்ள இறங்கியிருக்கு. பழைய வயர்லயும் அதே மூணாம் நம்பர் பூட்டுதான் உப்பியிருந்துச்சுன்னு அப்புறம்தான் பாத்தேன். இந்த சீல மாத்தாம தங்கத்துல வயர் போட்டாலும் ஆறே மாசம்தான்.

அப்புறம் மல்டிமீட்டர் வச்சாரு. என் பழைய வயர் மூணு 8லருந்து 12 கிலோ ஓம், ஹோண்டா மேனுவல்ல ஒரு வயருக்கு 25 கிலோ ஓம் வரைக்கும் சரின்னு இருக்கு, ஆக மூணும் நல்ல வயர்! சிவப்பு வயர் கிட்டத்தட்ட பூஜ்யம். ஒண்ண பிளேடால வெட்டிக் காமிச்சாரு பாருங்க, நடுவுல வீட்டு வயரிங்ல வர்ற மாதிரி பொடி செம்புக் கம்பி, மிச்சம் பூரா ரப்பர். அந்தத் தடிக்குத்தான் நான் காசு குடுத்தேன். வெறும் செம்பு போட்டா அது ஏரியல் மாதிரி இரைச்சல வெளிய விடும், இசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) இருக்குற வண்டில சென்சார் சிக்னல் எல்லாம் குழம்பிரும்.

இப்ப என்ஜிகே கம்பெனியோட 7 எம்எம் ரெசிஸ்டர் வயர் (வேணும்னே ஓம் வச்சுச் செஞ்சது), புது சீல், பூட்டுக்குள்ள ஒரு சொட்டு சிலிக்கான் கிரீஸ். 6800 வரைக்கும் வெண்ணெய் மாதிரி போகுது. குதிரை ஒண்ணும் கூடல, காணாமப் போனது திரும்பி வந்துச்சு.

நோட்ஸ்படிக்கிறவன்:

சிரிச்சு முடியல அண்ணே. நாங்க கார்புரேட்டர் ஜிப்ஸில ராலி ஓட்டுனப்ப செம்பு வயர்தான் போட்டோம், இசியூவே இல்லாத வண்டி, கெடுறதுக்கு என்ன இருக்குன்னு. ஹெல்மெட்டுக்குள்ள ரெண்டு பேரும் பேசிக்கிற இன்டர்காம் இருந்துச்சே! பக்கத்து சீட்ல உக்காந்து அடுத்த வளைவு என்னன்னு நோட்ஸ் படிச்சு சொல்றதுதான் நம்ம வேலை. சிக்மகளூர் பக்கம் காபித் தோட்டத்துல நான் "ரைட் த்ரீ"ன்னு கத்துறேன், டிரைவர் காதுல வண்டு கத்துற மாதிரி ஙொய்ங்னு மட்டும் கேக்குது, அவரு நேரா காபிச் செடிக்குள்ள விட்டுட்டாரு. அன்னைக்கு சாயங்காலமே பழைய கார்பன் வயர மாட்டிட்டோம்.

ராக்காம்ரசிகன்:

ஃபோர்டு இக்கான் 1.6 நம்மளுது. நான் போட்டது நல்ல வயர்தான், ஸ்பைரல் கோர் 8.5 எம்எம், ஒரு அடிக்கு 50 ஓம் சொச்சம், உள்ள கம்பிய ஸ்பிரிங் மாதிரி சுத்தியிருப்பாங்க, அதனால ஓம் கம்மியா இருந்தும் ரேடியோ இரைச்சல் வராது. தப்பு என் கைல. அளவுக்கு வெட்டி நாமளே முனை அடிக்கிற செட்டு அது, கிரிம்பிங் டூல் இல்லாம கட்டிங் பிளேயர்ல நசுக்கிட்டேன். ஒரு மாசத்துல நாலாவது சிலிண்டர் மிஸ்ஸிங். நாலாவது பிளக், வயர், கம்ப்ரஷன் எல்லாம் பாத்து மூணு ஞாயித்துக்கிழமை போச்சு, கடைசில பாத்தா முனை கழண்டது ஒண்ணாவது வயர்ல! காயில் பேக்ல (பிளக்குக்கு ஹை வோல்டேஜ் குடுக்குற பெட்டி) ஒண்ணும் நாலும் ஒரே காயில்ல ஜோடி, ஒரு பக்கம் அறுந்தா அடுத்த பக்கமும் திணறும். அளவா ஃபேக்டரி முனையோட வர்ற செட்டே வாங்குங்க, சொல்லிட்டேன்.

இன்னொண்ணு, பிளக் நம்பர்ல ஆர் இருக்கான்னு பாருங்க, பிகேஆர்6இ-ங்கிற நம்பர்ல வர்ற ஆர் மாதிரி. அப்படின்னா பிளக்குக்குள்ளயே சுமார் 5000 ஓம் ரெசிஸ்டர் இருக்கு. அத வச்சுக்கிட்டு வயர்ல ஆயிரம் ஓம் மிச்சம் பண்றேன்னு கூடக் காசு குடுக்குறது எனக்குப் புரியல.

புதுசு_ஸ்விஃப்ட்:

அண்ணன்களே, என் ஸ்விஃப்ட் 1.2 பெட்ரோலுக்கு எந்த வயர் நல்லது? பிக்கப் வேணும்.

விடெக்கிழவன்:

தம்பி, உங்க வண்டில வயரே கிடையாது, ஒவ்வொரு பிளக் மேலயும் ஒரு காயில் உக்காந்திருக்கும். யாராவது வயர் விக்க வந்தா ஓடிருங்க.

நோட்ஸ் அண்ணே, வண்டு மேட்டர் சூப்பர். ராக்காம், நீங்க சொன்ன ஜோடி விஷயம் எனக்கு தெரியாது, நம்மளுது டிஸ்ட்ரிபியூட்டர், ஒரே காயில் கரண்ட்ட நாலு வயருக்கும் மாத்தி மாத்தி பிரிச்சு விடுறது. ஆனா ஒரு கூத்து, புது வயர் மாட்டுறப்ப நான் சிலிண்டர் எரியுற 1-3-4-2 வரிசைய மறந்து ரெண்டயும் மூணயும் மாத்திச் சொருகி, செல்ஃப் அடிச்சதும் எக்ஸாஸ்ட்ல டமார்னு ஒரு வெடி, எதிர் வீட்டு பாட்டி தீபாவளியான்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா கழட்டி ஒவ்வொண்ணா மாட்டுறதுதான், அதுவும் வயரப் பிடிச்சு இழுக்காம பூட்டத் திருகி.

வெட்டாத சிவப்பு வயர் மூணு கெடக்குங்க, நல்ல தடி, துணி காயப்போட யாருக்காச்சும் வேணும்னா கோயம்புத்தூர் வந்து எடுத்துக்கலாம்.