கிலோமீற்றர்/மணி² இல் உள்ள ஆர்முடுகலை மீற்றர்/செக்கன்² ஆக்க 3.6 ஆல் வகுத்தால் போதுமா?

உயர்தர மாணவி, கல்முனை:
வணக்கம். கல்முனை பஸ் தரிப்பு நிலையத்தில் ஓய்விலிருந்து புறப்படும் பஸ் வண்டி ஒன்று, சீரான ஆர்முடுகலுடன் 10 செக்கனில் மணிக்கு 54 கிலோமீற்றர் வேகத்தை அடைகிறது என்பது பயிற்சி வினா. கிலோமீற்றர்/மணி/செக்கன் அலகில் 5.4 என்றும், அதை 3.6 ஆல் வகுத்து 1.5 மீற்றர்/செக்கன்² என்றும் பெற்றேன். ஆனால் கிலோமீற்றர்/மணி² அலகில் விடை 19,440 எனத் தரப்பட்டுள்ளது, அதை 3.6 ஆல் வகுத்தால் 5,400 அல்லவா வருகிறது? விளக்குவீர்களா சேர்?

பௌதிகவியல் ஆசிரியர், மட்டக்களப்பு:
மகள், 1.5 சரியான விடை. ஆர்முடுகல் என்பது வேகம் மாறும் வீதம். வேகத்திலேயே நேரம் ஒரு தடவை பகுதியில் நிற்கிறது. அந்த வேகமாற்றத்தை மீண்டும் நேரத்தால் வகுக்கும்போது இரண்டாவது தடவையும் நேரம் பகுதிக்கு வந்துவிடுகிறது. கிலோமீற்றர்/மணி/செக்கன் என்பதில் ஒரு நேரம் மட்டுமே மணியில் இருப்பதால், 3600 ஐ 1000 ஆல் வகுத்து வரும் 3.6 போதுமானது. மணி² என்று வந்தால் 3600 ஐ 3600 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுக்க வேண்டும், அது 12,960. இப்போது 19,440 ஐ 12,960 ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 1.5 கிடைக்கும். 3.6 ஐ மனனம் செய்வதைவிட, ஒவ்வொரு படியிலும் எண்ணுடன் அலகையும் சேர்த்து எழுதி வெட்டிச் செல்வதே பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து.

புவிச்சரிதவியல் பட்டதாரி, அக்கரைப்பற்று:
சேர் சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். புவியீர்ப்பு அளவையில் கலிலியோவின் பெயரால் அமைந்த ‘கல்’ என்னும் அலகு வழங்குகிறது. 1 கல் என்பது 1 சென்ரிமீற்றர்/செக்கன்², அதாவது 0.01 மீற்றர்/செக்கன்². 1901 இல் நிறைகள், அளவைகள் பற்றிய பொது மாநாடு நியமப் புவியீர்ப்பு ஆர்முடுகலை 9.80665 மீற்றர்/செக்கன்² என நிர்ணயித்தது, அது 980.665 கல், அடிக் கணக்கில் ஏறத்தாழ 32.174 அடி/செக்கன்². உண்மைப் பெறுமானமோ மத்திய கோட்டில் ஏறத்தாழ 9.780, முனைவுகளில் 9.832 என இடத்துக்கு இடம் வேறுபடும். மத்திய கோட்டுக்கு அண்மையிலுள்ள நமது கிழக்குக் கரையில் அது 9.78 அளவில் இருக்கும்.

உயர்தர மாணவி, கல்முனை:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் வினாக்களில் புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுக்கலாமா சேர்?

பௌதிகவியல் ஆசிரியர், மட்டக்களப்பு:
வினாவில் தரப்பட்ட பெறுமானத்தையே எடுங்கள். 10 என்று தந்திருந்தால் 9.8 ஐப் பிரதியிட வேண்டாம்.