பொருள்: மறு: கிரவுண்ட் லூப் – நிலக்கண்ணி வேண்டாம், தரைவளையம்?

அன்பர்களுக்கு வணக்கம். ஒலிக்கருவிகளின் எர்த்து இணைப்புகள் ஒரு வளையமாக மூடிக்கொண்டு ஸ்பீக்கரில் உறுமலைக் கிளப்புவதுதான் 'கிரவுண்ட் லூப்'. நம் கலைச்சொல் பட்டியலுக்காக அதற்குத் தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம் அல்லவா, அது பற்றித்தான் இந்தப் பதில்.

> நிலக்கண்ணி என்று போட்டால் எங்கட பக்கத்தில் யாரும் ஸ்பீக்கரைப் பார்க்க மாட்டார்கள், காலடியைத்தான் பார்ப்பார்கள்.

யாழ்ப்பாண நண்பர் எழுதிய இந்த ஒரு வரிக்குப் பிறகு நான் முன்மொழிந்த 'நிலக்கண்ணி'யைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கண்ணிவெடி நினைவுக்கு வரும் என்பது எனக்குத் தோன்றாமல் போனது என் தவறுதான்.

மற்றவர்கள் சொன்ன பெயர்களில் 'நிலச்சுற்று', 'நில இரைச்சல்' இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. எங்கள் ஊரில் நிலத்தில் பிரச்சினை என்றால் பட்டாவை எடுத்துக்கொண்டு வா என்பார்கள். 'புவிச்சுற்று' கோள்களின் பாதை மாதிரி இருக்கிறது. 'புவித்தொடுப்பு வளையம்' இலக்கணப்படி சரிதான். ஆனால் 'தொடுப்பு' என்று சொன்னதும் எங்கள் எலெக்ட்ரீசியன் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.

சொல்லுக்குள் போகுமுன், இந்தச் சிக்கல் என் வீட்டுக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பெயர் எதைச் சுட்ட வேண்டும் என்பது அதில்தான் எனக்குப் புரிந்தது.

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியறைதான் என் ஸ்டுடியோ. ஒரு லேப்டாப், மைக்கையும் ஸ்பீக்கரையும் அதோடு இணைக்கிற ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், இரண்டு மானிட்டர் ஸ்பீக்கர், ஒரு கீபோர்டு. பாட்டு எதுவும் ஓடாதபோதும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் அல்லவா, அதுவும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸும் சேர்ந்து வருகிற சத்தம் அது. சுருதிப் பெட்டியோடு ஒப்பிட்டால் 5 கட்டைக்கும் ஐந்தரைக் கட்டைக்கும் நடுவில் நிற்கும். எந்தப் பாட்டுக்கும் ஆகாது. ஹெட்போனில் இல்லை, ஸ்பீக்கரில் மட்டும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டினால் சட்டென்று அமைதி.

முதலில் வந்த எலெக்ட்ரீசியன் சொன்ன வைத்தியம்: "சார்ஜர் பிளக்குல எர்த்து பின்னை உடைச்சு விட்ருங்க." உடைத்தால் உறுமல் நிற்கும், உண்மை. ஆனால் மூன்று பின்னில் அந்தப் பின் மட்டும் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பது சும்மா இல்லை. பிளக்கைச் செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும். உள்ளே கரண்ட் வருகிற ஃபேஸ் கம்பி அறுந்து உலோக உடம்பைத் தொட்டால், கரண்ட் எர்த்து வழியாக ஓடி ஃபியூஸைப் போக்க வேண்டும். அந்த வழியை அடைத்துவிட்டால் அது ஆடியோ கேபிளின் கவசத்தில், அதாவது உள்கம்பியைச் சுற்றியிருக்கும் உலோக உறையில், ஏறி மைக் வரை வரும். பாடுகிறவர் உதடு மைக்கைத் தொட்டுக்கொண்டுதானே இருக்கிறது?

அடுத்த நாள் மல்ட்டிமீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேசைக்கு இடப்பக்க சாக்கெட்டின் எர்த்துத் துளையில் ஒரு முனை, வலப்பக்க சாக்கெட்டின் எர்த்துத் துளையில் மறுமுனை. இரண்டும் எர்த்து என்றால் பூஜ்யம் காட்ட வேண்டும். 1.3 வோல்ட் காட்டியது. மாடி பிற்பாடு கட்டியது. அதற்கென்று கொல்லையில் தனி எர்த்துக் குழி தோண்டி, பழைய குழியோடு இணைக்காமலே விட்டிருக்கிறார்கள். லேப்டாப் ஒரு குழியில், ஸ்பீக்கர் இன்னொரு குழியில். நடுவில் ஆடியோ கேபிளின் கவசம் இரண்டையும் கோத்து வளையத்தை மூடிவிட்டது. அந்தக் கவசத்தில் ஓடுகிற சின்னக் கரண்ட், பாட்டு போகிற பாதையிலேயே தன் வோல்டேஜைக் கலக்கிறது. சாதாரண கேபிளில் கவசமே பாட்டு திரும்பும் கம்பியும் ஆகிவிடுவதால் வந்த வினை.

தீர்வு பெரிய செலவில்லாதது. எல்லாவற்றையும் ஒரே சாக்கெட்டில் ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் பெட்டி போட்டு மாட்டினேன். 6 ஆம்பியர் சாக்கெட் 1,380 வாட் வரை தாங்கும், என் சாமான் எல்லாம் சேர்ந்து 400 வாட்கூட வராது. அப்புறம் பேலன்ஸ்டு கேபிள் வாங்கினேன். அதில் பாட்டு இரண்டு கம்பிகளில் தலைகீழாகப் போய், வித்தியாசம் மட்டும் எடுக்கப்படுவதால் கவசத்துக் கரண்ட் உள்ளே நுழையாது. குழிகள் இரண்டையும் பிறகு தடித்த கம்பியால் இணைத்தாயிற்று. பக்கத்துத் தறிப் பட்டறையில் மோட்டார் போடும்போது வரும் 'டக்' இன்னும் வருகிறது. அது வேறு வியாதி, இந்தச் சொல்லில் சேர்க்காதீர்கள்.

ஏற்காட்டில் ஒரு நண்பர் வீட்டில் பதிவு செய்யப் போனேன். அங்கே ஓரடி மண், கீழே பாறை. சித்திரையில் குழி காய்ந்துவிட்டால் தண்ணீர் ஊற்றினால்தான் எர்த்து கொஞ்சமாவது பிடிக்கும். ஆனால் சாமான் முழுவதும் ஒரே சாக்கெட்டில் இருந்ததால் உறுமல் துளியும் இல்லை. எர்த்து மோசம், சத்தம் இல்லை. என் வீட்டில் எர்த்து இரண்டு, இரண்டும் நல்ல எர்த்து, சத்தம் காதைப் பிடுங்கியது. அதனால்தான் பழியை மண்மேல் போடுகிற பெயர் எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. எர்த்துதான் குற்றவாளி என்று பெயரே சொன்னால், எர்த்துப் பின்னை உடைக்கத்தான் கை போகும்.

என் பரிந்துரை 'தரைவளையம்'. மின்னணுவியலில் கிரவுண்ட் என்பது எப்போதும் மண் அல்ல. மண்ணைத் தொடாத விமானத்திலும் உண்டு. எங்கிருந்து அளக்கிறோமோ அந்தப் பூஜ்ய மட்டம் அது. 'தரைமட்டம்' என்று தமிழில் ஏற்கெனவே சொல்கிறோம். ஆக, அளவுக்குத் தரை, மண்ணுக்குப் புவி. சத்தத்துக்கு 'வளைய உறுமல்'. ரீங்காரம் வண்டுக்கே இருக்கட்டும். இசைக்கருவியை மிக்சரோடு இணைக்கிற டிஐ பெட்டியில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சுக்கு 'கவசத் துண்டிப்பு'. வெட்டுவது கேபிளின் கவசத்தை, எர்த்தை அல்ல என்பது பெயரிலேயே தெரியும்.

அன்புடன்,
சேலத்திலிருந்து

---

மறு: தரைவளையம்

ஐயா, கவசத் துண்டிப்பு அருமை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தரைவளையம்தான் யோசனையாக இருக்கிறது. என் மனைவியிடம் கேட்டேன், "வாசலில் போடும் வட்டக் கோலமா?" என்றார். 'தரை இணைப்பு வளையம்' என்று நீட்டினால் என்ன?

---

மறு: மறு: தரைவளையம்

தம்பி, கோலம் கண்ணிவெடியைவிடப் பரவாயில்லை! நீட்டினால் யாரும் சொல்ல மாட்டார்கள். 'இணைப்பு' என்று வந்துவிட்டால் அதைத் துண்டிக்கவும் தோன்றும்.

நேற்று அதே எலெக்ட்ரீசியன் வேறு வேலையாக வந்திருந்தார். மீட்டரை வைத்துக் காட்டி, தரைவளையம் என்று சொல்லிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஓ, ரெண்டு எர்த்தும் சுத்திக்கிச்சுங்களா" என்றார். பட்டியலில் தரைவளையம் இருக்கட்டும், பக்கத்தில் பேச்சு வழக்கு என்று 'எர்த்து சுத்திக்கிறது' என்பதையும் சேர்த்துவிடுங்கள். இப்போதெல்லாம் அவர் பின்னை உடைக்கச் சொல்வதில்லை.