டிராஃப்ட் கொடுத்ததும் மேட் எல்லாம் சிவப்பு: பிளேனை வைத்துப் பொருத்தலாமா?

கேள்வி

சாலிட்வொர்க்ஸில் (3டி வரைவு மென்பொருள்) ஒரு பேரிங் ஹவுசிங்கை (பேரிங் உட்காரும் கூட்டை) அடித்தட்டின் மேல் வைத்து, அடிமுகத்துக்கு ஒன்று, பக்கமுகங்களுக்கு இரண்டு என்று கோயின்சிடென்ட் மேட் (இரண்டு முகங்களை ஒட்டவைக்கும் பொருத்தம்) போட்டிருந்தேன். நேற்று வார்ப்புக்காகப் பக்கச் சுவர்களுக்கு 2 டிகிரி டிராஃப்ட், அதாவது சாய்வு, கொடுத்தேன். அசெம்பிளியைத் திறந்தால் ட்ரீ (பக்கப் பட்டியல்) முழுக்கச் சிவப்பு, எல்லாம் எர்ரர். சரி என்று ஒரு ஓரத்தைப் பிடித்து மேட் போட்டேன். சாயங்காலம் ஃபில்லெட் போட்டு ஓரங்களை உருட்டியதும் அந்த ஓரமே காணோம்! முகத்துக்குப் பதில் பிளேனை (கற்பனைத் தளத்தை) வைத்துப் பொருத்தினால் இந்தத் தொல்லை தீருமா?

பதில் 1

தீரும், ஆனால் பார்ட்டை வரையும்போதே தொடங்க வேண்டும். சாய்ந்த சுவர் அடிமுகத்துக்குச் செங்குத்தாக இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒட்டச் சொன்னால் அது எப்படி உட்காரும்? பார்ட்டோடு கூடவே வரும் ஃபிரன்ட், டாப், ரைட் பிளேன்களோ நீங்கள் டிராஃப்ட் கொடுத்தாலும் ஃபில்லெட் போட்டாலும் அசையாது.

ஹவுசிங்கை மிட் பிளேன் எக்ஸ்ட்ரூடில் (நடுவிலிருந்து இரு பக்கமும் சமமாக நீட்டும் முறையில்) வரையுங்கள், துளையின் நடு ரைட் பிளேனில் விழட்டும். அடிமுகம் டாப் பிளேனில் இருக்கட்டும். அப்புறம் அகலம் 80 மி.மீ.யிலிருந்து 95 ஆனாலும் இரண்டு பக்கமும் சமமாக வளரும், நடு நகராது. ஹவுசிங்கின் மூன்று பிளேன்களையும் தட்டின் பிளேன்களோடு பொருத்துங்கள். நகர்வு, சுழற்சி இரண்டையும் சேர்த்து முதல் பிளேன் மேட் மூன்று அசைவுகளைப் பூட்டும், இரண்டாவது இரண்டை, மூன்றாவது ஒன்றை. மொத்தம் ஆறு, பார்ட் அசையாது. சுழலும் ஷாஃப்டுக்கு மட்டும் இப்படிச் செய்யாதீர்கள். கான்சென்ட்ரிக் (அச்சோடு அச்சைச் சேர்க்கும் மேட்) ஒன்று, நீளவாக்கில் பிளேன் மேட் ஒன்று போதும்.

வேறு மென்பொருளிலிருந்து ஸ்டெப் ஃபைலாக வரும் பார்ட்டில் ஆரிஜின் (மூன்று பிளேன்களும் சந்திக்கும் புள்ளி) எங்கேயோ கிடக்கும். எதிரெதிர் முகங்கள் இரண்டைத் தொட்டு நடுவில் ஒரு பிளேன் போட்டு, ‘மையம்’ என்று பெயரும் வையுங்கள். ‘பிளேன்12’ என்றால் மூன்று மாதம் கழித்து உங்களுக்கே புரியாது. எனக்குப் புரியவில்லை.

பதில் 2

கொஞ்சம் மாறுபடுகிறேன். எல்லாவற்றையும் பிளேனில் கட்டினால் பார்க்க அழகாக இருக்கும், போல்ட் ஓட்டைகள் 3 மி.மீ. தள்ளி நின்றாலும் ஒரு எர்ரரும் வராது. எனக்கு அது தெரிந்தது தட்டில் ஓட்டை போட்ட பிறகுதான். இப்போது ஹவுசிங்கைப் பிளேனில் வைத்துவிட்டு, போல்ட்டை ஓட்டையோடு கான்சென்ட்ரிக்கில் போடுகிறேன். கடைசியில், பார்ட்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கிறதா என்று பார்க்க இன்டர்ஃபெரன்ஸ் டிடெக்‌ஷன் ஒருமுறை.

கேட்டவர்

மாற்றிப் போட்டேன், டிராஃப்டை 3 டிகிரி ஆக்கியும் சிவப்பு வரவில்லை. ஆனால் ஹவுசிங் தலைகீழாகத் தட்டுக்கு அடியில் தொங்குகிறது.

பதில் 1

டாப் பிளேன் மேட்டில் அலைன்மென்டைத் திருப்புங்கள். பிளேனுக்கும் முன்பக்கம், பின்பக்கம் உண்டு.

கேட்டவர்

நிமிர்ந்துவிட்டது. நன்றி. ஓட்டைகளையும் பார்த்தேன், ஒன்று உண்மையிலேயே 1 மி.மீ. தள்ளித்தான் இருக்கிறது.