மானியம் முதலா, சொந்தச் சேமிப்பு முதலா? கடலோர ஊருக்கு நிதி தேடுவது பற்றி ஒரு விவாதம்

பாசிக்கரை:
வணக்கம். எங்கள் ஊர் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில், கடலை ஒட்டி இருக்கிறது. பாதிப் பேருக்குக் கடல்தான் பிழைப்பு, மீதிப் பேருக்கு மானாவாரி நெல்லும் மிளகாயும். ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்பில் நான் செயலாளர். மூன்று வேலைகளுக்குப் பணம் தேடுகிறோம். மிளகாய் காயப்போட ஒரு உலர்களம் வேண்டும், இப்போது தார் ரோட்டில்தான் காய்கிறது. ஊருணியைத் தூர்வார வேண்டும். கடல்பாசி வளர்க்கிற பெண்களுக்கு மூங்கில் மிதவைகள் வேண்டும். மூன்றையும் ஒரே ப்ராஜெக்டாக எழுதி வெளிநாட்டு நிதி வாங்கித் தருவதாக மதுரையில் ஒருவர் சொல்கிறார், எழுதுவதற்கு முன்பணம் கேட்கிறார். கொடுத்துப் பார்க்கலாம் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். நம் சேமிப்பை வைத்தே தொடங்குவோம், யாரிடமும் கையேந்த வேண்டாம் என்கிறார்கள் மற்றவர்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கண்மாய்மடை:
அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே தாயி. நிதி வரும்போது தன் கூலியை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லாமல், வருவதற்கு முன்பே கேட்பவரை நம்ப வேண்டியதில்லை.

என் கட்சி இரண்டாவது கூட்டத்தின் கட்சி. 2004 சுனாமியில் நம் மாவட்டத்துக்குச் சேதம் குறைவு, ஆனாலும் அதற்குப் பிறகு இந்தக் கரைக்கு வெளிப்பணம் நிறையவே வந்தது. வலை பின்னும் கூடம், கருவாட்டு மேடை, ஐஸ் பெட்டி என்று கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். ஆனால் எந்தக் கூடத்துக்குப் பொறுப்பு யார் என்று ஊரில் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. கூரை பறந்தபோது மாற்ற ஆள் இல்லை.

2017ல், ஊராரே சேர்ந்து கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்தை அரசு மறுபடி கொண்டுவந்தபோது, அந்தக் கண்மாய்ப் பாசனத்தில் நிலம் உள்ள ஆயக்கட்டுக்காரர்கள் பத்து சதம் போட வேண்டும் என்றார்கள். பணமாகப் போடலாம், பொருளாகப் போடலாம், உடல் உழைப்பாகவும் போடலாம். எங்கள் கண்மாயில் அந்தப் பத்தை வீடு வீடாக வாங்கினோம். இன்றைக்கும் மடைப் பலகை உடைந்தால் அன்றே நாலு பேர் வந்து நிற்கிறார்கள். பக்கத்தில் ஒரு ஊரில் அந்தப் பத்தையும் ஒப்பந்தக்காரரே கட்டிக்கொண்டார். அங்கே கரை சரிந்து கிடக்கிறது, கேட்பார் இல்லை. சொந்தப் பணம் போகாத வேலையில் ஊருக்குச் சொந்தம் வராது.

உப்புக்காத்து:
ஐயா, உங்கள் கண்மாய்க் கதையை மதிக்கிறேன், ஆனால் உங்கள் முடிவை ஏற்க முடியவில்லை. ஆயக்கட்டுக்காரன் என்றாலே நிலம் இருப்பவன். அவனால் பத்து சதம் போட முடிந்தது. அக்கா கேட்பது பாசி எடுக்கிற பெண்களுக்கு. அவர்களுடைய சேமிப்பு என்ன, வாரச் சந்தா தானே?

சொந்தப் பணம் முதலில் என்ற விதி இப்போதே அரசுத் திட்டங்களில் இருக்கிறது. அதன் பெயர் பின்னேற்பு மானியம். மத்திய அரசின் மீன்வளத் திட்டமான மத்ஸ்ய சம்பதாவில் பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அறுபது சதம், மற்றவர்களுக்கு நாற்பது சதம் மானியம். தாளில் படித்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பயனாளி முதலில் தன் பணத்தையோ கடனையோ போட்டுப் பொருளை வாங்கி வைக்க வேண்டும். அதிகாரி வந்து பார்த்த பிறகுதான் மானியம். முழுத்தொகையை முதலில் போடக்கூடியவர் யாரோ அவருக்குத்தான் அறுபதும் போய்ச் சேர்கிறது.

பாக் நீரிணை விசைப்படகுகளை ஆழ்கடலுக்கு மாற்றும் திட்டம் 2017ல் வந்தது. படகின் விலை 80 லட்சம் என்று கணக்கிட்டார்கள். மத்திய அரசு 50 சதம், மாநில அரசு 20, வங்கிக் கடன் 20, மீனவர் 10. எழுபது சதம் மானியம், இதைவிடப் பெரிதாக எங்கே கிடைக்கும்? ஆனால் அந்தப் பத்து சதம் என்பது எட்டு லட்சம், கடன் பதினாறு லட்சம். இழுவைமடி வலைப் படகு வைத்திருந்தவர்களே தயங்கினார்கள். 2,000 படகு என்பது இலக்கு, அதன் பக்கத்தில்கூட வரவில்லை. சொந்தப் பங்கு என்ற ஒரு வரி எத்தனை பேரை வாசலிலேயே நிறுத்துகிறது என்று பாருங்கள்.

அதனால் அக்கா, முழு மானியம் தேடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கணக்குநோட்டு:
தொண்டு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். முதலில் மதுரைக்காரர் விஷயத்தை முடித்துவிடுவோம்.

வெளிநாட்டு நிதி உங்கள் கூட்டமைப்புக்கு நேராக வர முடியாது. அதற்கு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் பதிவு வேண்டும். பதிவு கேட்க அமைப்பு தொடங்கி மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும், கடந்த மூன்று வருடங்களில் நோக்கத்துக்காக 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும். டெல்லியில் ஸ்டேட் பாங்கின் முதன்மைக் கிளையில் தனிக் கணக்கு தொடங்க வேண்டும். முன்பெல்லாம் பதிவுள்ள பெரிய நிறுவனம் வாங்கி, சின்னச் சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020 திருத்தம் அந்த வழியை மூடிவிட்டது. வாங்கியவர் இன்னொரு அமைப்புக்கு மாற்றவே கூடாது. ஆக உங்களுக்கு வாங்கித் தருகிறேன் என்று அவர் சொல்வது எப்படி நடக்கும் என்று அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள்.

இன்னொன்று, நம் கரையில் இது அடிக்கடி வரும் சந்தேகம். ஊர்க்காரர் துபாயில், குவைத்தில் வேலை செய்து அனுப்பும் பணம் வெளிநாட்டு நிதி ஆகுமா? இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் ஆகாது. அதே ஊர்க்காரர் சிங்கப்பூர் அல்லது மலேசியக் குடியுரிமை வாங்கியிருந்தால் ஆகும். வாங்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள், பின்னால் வரும் சிக்கல் பெரியது.

அடுத்து, மூன்று வேலையையும் ஒரே தாளில் எழுதாதீர்கள். உலர்களம் வேளாண்மைப் பக்கம், ஊருணி ஊரக வளர்ச்சிப் பக்கம், மிதவை மீன்வளப் பக்கம். ஒன்றாகக் கட்டிக் கொடுத்தால் எந்த அலுவலகமும் இது என்னுடையது இல்லை என்று அடுத்த மேசையைக் காட்டும்.

ஊருணிக்கு நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. ஊரகத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் போட்டால் மீதியை அரசு போடும், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் அதிகம் வசிக்கும் பகுதி என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். அந்தப் பங்கை ஊரார் ஒவ்வொருவரும்தான் போட வேண்டும் என்று இல்லை. தனி நபர், சங்கம், கம்பெனி யார் வேண்டுமானாலும் தரலாம். ஆறு லட்சம் மதிப்பீடு என்று வைத்துக்கொண்டால் ஊர் திரட்ட வேண்டியது இரண்டு லட்சம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் உள்ள ஊருக்கு இது எட்டாத தொகை இல்லை.

முண்டுமிளகாய்:
உலர்களம் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் இதே பாடுதான் பட்டோம். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் ரோட்டில் காய்ந்து மண்ணும் லாரிப் புகையும் ஏறிய வத்தலுக்குக் குறியீடு காட்டி என்ன விலை கேட்பது? எட்டிவயலில் வணிக வளாகமும் குளிர்பதனக் கிடங்கும் இருக்கின்றன, அங்கே கொண்டுபோகும் சரக்கு சுத்தமாக இருந்தால்தான் பயன். களம்தான் முதல் தேவை என்பதில் அக்கா சரியாகவே இருக்கிறார்.

வழி என்னவென்றால், ஒரு ஊராக நிற்காமல் நாலைந்து ஊர் சேர்ந்து நிறுவனமாகப் பதிவு செய்யுங்கள், அல்லது இருக்கிற நிறுவனத்தில் சேருங்கள். 2020ல் வந்த மத்தியத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்குக் குறைந்தது 300 உறுப்பினர். உறுப்பினர் போடும் பங்குத் தொகைக்குச் சமமாக அரசும் போட்டது, ஆளுக்கு 2,000 ரூபாய் வரை, நிறுவனத்துக்கு 15 லட்சம் வரை. நிர்வாகச் செலவுக்கு மூன்று வருடத்துக்கு 18 லட்சம் வரை. இதில் கவனிக்க வேண்டியது, நீங்கள் போட்டால்தான் அவர்கள் போடுவார்கள் என்பது. கண்மாய்மடை ஐயா சொன்னதுதான் இங்கேயும் நடக்கிறது.

அப்புறம், வேளாண் உட்கட்டமைப்பு நிதி என்று ஒன்று சொல்வார்கள். அது மானியம் இல்லை, கடன். இரண்டு கோடி வரைக்கும் வட்டியில் மூன்று சதம் ஏழு வருடத்துக்குக் குறைத்துத் தருவார்கள். இலவசம் என்று நினைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.

உப்புக்காத்து:
முண்டுமிளகாய் அண்ணே, உங்கள் நிறுவனத்தில் குத்தகைக்குப் பயிர் செய்பவர் எத்தனை பேர்? மிளகாய் பறிக்கிற, காயவைக்கிற, காம்பு கிள்ளுகிற பெண்கள் எத்தனை பேர் பங்கு வைத்திருக்கிறார்கள்? சிட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர் பேரில்தான் சிறு குறு விவசாயி சான்று, சொட்டுநீர் மானியம், எல்லாமே. சிறு குறு விவசாயிக்குச் சொட்டுநீர் நூறு சதம் மானியம் என்று அறிவிக்கிறார்கள், நிலத்துக்காரர் வெளியூரில் இருந்தால் குழாய் போட ஒப்புவாரா? களத்தில் குனிந்து நிற்பவர் பேர் எந்தத் தாளிலும் இல்லை. நீங்கள் போட்டால் அவர்கள் போடுவார்கள் என்பது, போட முடிந்தவர்களுக்கு மட்டும்.

முண்டுமிளகாய்:
நியாயமான கேள்வி தம்பி. குத்தகைக்காரர்கள் இருக்கிறார்கள், கூலிப் பெண்கள் மிகக் குறைவு. அதை மாற்ற வேண்டும் என்று நானே கூட்டத்தில் பேசுகிறேன். ஆனால் அதற்காக நிறுவனமே வேண்டாம் என்று ஆகாது. பங்குத் தொகையைத் தவணையாக வாங்கலாம். முழு மானியத்துக்குக் காத்திருந்தால் இன்னும் பத்து மாசிக்கு மிளகாய் ரோட்டில்தான் காயும்.

கண்மாய்மடை:
தம்பி கோபத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் கையில் காசே இல்லாமல் செய்யக்கூடியதும் இருக்கிறது. அரசிதழில் அறிவித்த கண்மாய், குளங்களில் வண்டல் மண்ணை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். 2024 முதல் தாசில்தாரே அனுமதி கொடுக்கிறார். கோடையில் டிராக்டர் வாடகை மட்டும்தான் செலவு. வயலுக்கு எருவும் ஆகிறது, கண்மாயும் ஆழமாகிறது. இதற்கு யாருடைய ப்ராஜெக்டும் தேவையில்லை.

கணக்குநோட்டு:
அது கண்மாய்க்குச் சரி ஐயா. இவர்கள் கேட்பது குடிதண்ணீர் ஊருணி, அதன் பெயர் அறிவிப்பில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கம்பெனி சமூகப் பொறுப்பு நிதியையும் சொல்லிவிடுகிறேன். 2013 கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் போன கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் இரண்டு சதம் செலவிட வேண்டும், தாங்கள் தொழில் செய்யும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும். எரிவாயு, சோலார் என்று நம் மாவட்டத்திலேயே பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. ஆனால் இந்தப் பணத்தை வாங்கி வேலை செய்யும் அமைப்புக்கு வருமான வரியில் தொண்டு அமைப்புகளுக்கான 12ஏ, 80ஜி பதிவுகளும், சமூகப் பொறுப்பு நிதி வாங்குவதற்கான சிஎஸ்ஆர் 1 படிவப் பதிவும், மூன்று வருட அனுபவமும் வேண்டும். உற்பத்தியாளர் நிறுவனம் அந்தப் பட்டியலில் வராது. உங்கள் கூட்டமைப்பு பணம் கேட்க வேண்டாம், வேலையைக் கேளுங்கள். கம்பெனியே நேராக உலர்களம் கட்டித் தரச் சட்டம் இடம் கொடுக்கிறது.

கண்மாய்மடை:
கம்பெனிக் காசு வேண்டவே வேண்டாம். இன்று களம் கட்டித் தருவான். நாளை அவன் போடும் வேலி, கண்மாய்க்குத் தண்ணீர் வரும் நம் வரத்துக்காலை மறித்தால், திறப்பு விழாவில் மாலை போட்டவர்களால் எப்படிக் கேட்க முடியும்?

உப்புக்காத்து:
இதில் உங்களோடு முழுசாக மாறுபடுகிறேன் ஐயா. இரண்டு சதம் என்பது அவர்கள் போடும் பிச்சை இல்லை, சட்டம் வாங்கிக் கொடுப்பது. நம் மண்ணில் சம்பாதிப்பதில் ஒரு பங்கு நம் ஊருக்கு வரட்டும். வரத்துக்காலை மறித்தால் மறித்தது தப்பு என்று பேசுவோம். வாங்கியவன் வாய் திறக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. கிராம சபைத் தீர்மானமாகக் கேட்டு வாங்கினால் யாரும் யாருக்கும் கடமைப்பட்டவர் இல்லை.

கண்மாய்மடை:
சட்டத்தில் இல்லை தம்பி, ஊரில் இருக்கிறது. நான் மாற மாட்டேன்.

பாசிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. முன்பணம் கொடுப்பதில்லை என்று உறுதியாகிவிட்டது. மிதவை பற்றித்தான் இன்னும் குழப்பம். எங்களில் சிலர் முன்பு பாசி போட்டு நஷ்டப்பட்டவர்கள். 2013க்குப் பிறகு கடல் சூட்டில் பாசி கூட்டம் கூட்டமாக அழுகிப்போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். மானியத்தில் மிதவை கிடைத்தாலும் விதைப்பாசி போனால் யார் தருவார்கள்? வளமாவூரில் 127 கோடியில் கடல்பாசிப் பூங்கா என்று அறிவித்திருக்கிறார்கள், அது எங்களுக்கு உதவுமா?

கணக்குநோட்டு:
பூங்காவின் நோக்கமே விதையும் பயிற்சியும் பதப்படுத்தலும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பதுதான். ஆனால் அதை நம்பி இந்தப் பருவத்தைத் திட்டமிடாதீர்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது, விதை பற்றி அங்கே பேசுங்கள்.

பணத்துக்கு என் யோசனை: கூட்டமைப்பில், குழுப் பெண்களுக்குக் கடன் கொடுக்க வைத்திருக்கும் சமுதாய முதலீட்டு நிதி இருக்கும். அதை மிதவை வாங்கச் செலவழிக்காதீர்கள். மானியம் வரும் வரைக்குமான இடைக்கடனாக மட்டும் கொடுங்கள். அறுபது சதம் வந்தவுடன் அந்தப் பங்கு திரும்பிவிட வேண்டும், மீதி நாற்பதைத் தவணையில் கட்டட்டும். இப்படிச் செய்தால் முதல் இல்லாத பெண்ணும் மானியம் வாங்க முடியும். உப்புக்காத்து சொன்ன தடையும் கொஞ்சம் விலகும்.

உப்புக்காத்து:
இது நல்ல வழி, ஒத்துக்கொள்கிறேன். ஒரு நிபந்தனை. மானியம் தாமதமானால் அந்த மாதங்களின் வட்டியைப் பெண்கள் தலையில் போடக் கூடாது. அலுவலகம் தாமதிப்பதற்குப் பாசி எடுப்பவள் ஏன் வட்டி கட்ட வேண்டும்? கூட்டமைப்பு முன்கூட்டியே தீர்மானம் போட்டுவிடட்டும்.

கண்மாய்மடை:
பாசி அழுகும் கோடை மாதங்களுக்கும் தவணை இல்லை என்று எழுதுங்கள். கடனைக் கடலோடு சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

பாசிக்கரை:
இரண்டையும் அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன் ஐயா. ஊருணியையும் உலர்கள இடத்தையும் அக்டோபர் 2 கிராம சபையில் எழுப்பலாம் என்று இருக்கிறோம். கம்பெனிப் பணம் பற்றி ஊரே முடிவு செய்யட்டும். தீர்மானத்தில் என்னென்ன எழுத வேண்டும்?

கணக்குநோட்டு:
ஊருணிக்கும் களத்துக்கும் இரண்டு தனித் தீர்மானம் போடுங்கள். ஊருணியின் சர்வே எண், பரப்பு, கடைசியாக எப்போது தூர்வாரியது, மக்கள் பங்கு எவ்வளவு, யார் திரட்டுவார்கள் என்று எழுதுங்கள். களத்துக்கு இடம் புறம்போக்கா, ஊராட்சிக்குச் சொந்தமா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம், நில விவரம் இருக்கும் ‘அ’ பதிவேட்டில் பார்த்துவிட்டு எழுதுங்கள். நீர்நிலைப் புறம்போக்காக இருந்தால் கட்டடத்துக்கு அனுமதி கிடைக்காது, வேறு இடம் பாருங்கள். கூட்டம் முடிந்ததும் தீர்மான நகலைக் கையெழுத்தோடும் முத்திரையோடும் அன்றைக்கே வாங்கிக்கொள்ளுங்கள்.

முண்டுமிளகாய்:
களம் யாருக்கெல்லாம் திறந்திருக்கும் என்பதையும் தீர்மானத்திலேயே போட்டுவிடுங்கள் அக்கா. குத்தகைக்காரர், கூலிக்கு மிளகாய் வாங்கிக் காயவைப்பவர் எல்லோரையும் பேர் சொல்லி எழுதுங்கள். பின்னால் தகராறு வந்தால் அந்த ஒரு வரிதான் நிற்கும்.